விரலுக்கேற்ற வீக்கம்: வரைகலை அட்டையும் மின்வழங்கியும்

கோலாலம்பூரில் ஜாலான் மஸ்ஜித் இந்தியாவுக்குத் துணி எடுக்க வருபவர்களைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். கடைக்காரர் விரித்துப் போடும் சேலையின் நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு யாரும் பணத்தை நீட்டுவதில்லை. துணியைப் புரட்டி உட்புறத்தைப் பார்ப்பார்கள். கரையைத் தடவிப் பார்ப்பார்கள். சாயம் போகுமா என்று கேட்பார்கள். நகைக்கடைக்குச் சென்றால், வளையலின் உட்புறத்தில் 916 என்ற முத்திரை இருக்கிறதா என்று தேடுவார்கள். அந்த நகையில் ஆயிரத்துக்கு 916 பங்கு தூய தங்கம் இருக்கிறது என்பதே அந்த எண்ணின் பொருள்.

இவ்வளவு கவனமாகப் பொருள் வாங்கத் தெரிந்த நம்மில் பலர், கணினிப் பாகம் வாங்கும்போது மட்டும் பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்பிவிடுகிறோம். துணியைப் புரட்டிப் பார்க்கத் தெரிந்தவர்களுக்குக் கணினிப் பாகத்தையும் புரட்டிப் பார்க்கக் கற்றுக்கொள்வது கடினமன்று. எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

மஸ்ஜித் இந்தியாவில் சிறிய துணிக்கடை நடத்தும் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். மகள் படிவம் நான்கில் படிக்கிறாள். வீட்டில் பழைய மேசைக் கணினி ஒன்று இருக்கிறது. கடையின் விற்பனைக் கணக்கையும் கையிருப்புப் பட்டியலையும் அப்பா ஒவ்வோர் இரவும் அதில் பதிவு செய்கிறார். மகளோ, அதே கணினியில் தீபாவளி விற்பனைக்கான சுவரொட்டிகளையும் சிறு காணொளிகளையும் உருவாக்குகிறாள். அண்மையில் முப்பரிமாண வடிவங்களை வரையவும் கற்று வருகிறாள். ஆனால், காணொளியைத் தொகுக்கத் தொடங்கினால் கணினி திணறுகிறது.

“அப்பா, நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்று வாங்கிப் போட்டால் போதும்,” என்கிறாள் மகள்.

“வாங்கலாம்மா, ஆயிரம் ரிங்கிட் எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால், கடைக் கணக்கெல்லாம் இதில்தான் இருக்கிறது. இந்தக் கணினிக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது,” என்கிறார் அப்பா.

மகளின் ஆசையும் நியாயமானது. அப்பாவின் அச்சமும் நியாயமானது. இரண்டையும் நிறைவு செய்யும் வழி என்ன? அவர்களோடு சேர்ந்து நாமும் ஆராய்வோம்.

வரைகலை அட்டை என்ன செய்கிறது?

நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் முழு உயர் தெளிவுத் திரையில் கிடைமட்டமாக 1920 புள்ளிகளும் செங்குத்தாக 1080 புள்ளிகளும் உள்ளன. இரண்டையும் பெருக்கினால் 2,073,600 புள்ளிகள். காணொளியோ விளையாட்டோ தடங்கலின்றி ஓட, வினாடிக்கு 60 முறை படம் மாற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால், ஒவ்வொரு வினாடியும் ஏறத்தாழ 124 மில்லியன் முறை புள்ளிகளின் நிறத்தைக் கணக்கிட வேண்டும்.

கணினியின் மையச் செயலி பல வகையான வேலைகளைச் செய்யும் திறன் கொண்டது. எனினும், ஒரே மாதிரியான எளிய வேலையை இலட்சக்கணக்கில் செய்யச் சொன்னால் அது தளர்ந்துவிடும். திருமண விருந்தை நினைத்துப் பாருங்கள். தலைமைச் சமையல்காரர் பத்து வகைக் குழம்பு வைப்பதில் வல்லவர். ஆயிரம் வாழையிலைகளில் உப்பு வைக்கும் வேலையை அவர் ஒருவரிடம் கொடுத்தால் பந்தி தாமதமாகும். நூறு இளைஞர்கள் ஆளுக்குப் பத்து இலை என்று பிரித்துக்கொண்டால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். வரைகலை அட்டையில் இருக்கும் செயலி அந்த நூறு இளைஞர்களைப் போன்றது. அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு கணக்கீட்டு அலகுகள் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன.

1999ஆம் ஆண்டில் என்விடியா நிறுவனம் ‘ஜீஃபோர்ஸ் 256’ என்னும் அட்டையை வெளியிட்டபோது, ‘வரைகலைச் செயலகம்’ என்ற பெயரைப் பரவலாக்கியது. இன்று அந்நிறுவனத்துடன் ஏஎம்டி, இண்டெல் ஆகிய நிறுவனங்களும் இத்துறையில் போட்டியிடுகின்றன. விளையாட்டுக்காகப் பிறந்த இந்த அட்டைகள் இப்போது காணொளித் தொகுப்பு, கட்டட வடிவமைப்பு, செயற்கை நுண்ணறிவு எனப் பல துறைகளிலும் பயன்படுகின்றன.

முதலில் தேவை, பிறகு அட்டை

கடைக்குச் சென்று அட்டையைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு அதற்கேற்ற வேலையைத் தேடுவது முறையன்று. நாம் செய்யப்போகும் வேலை என்ன என்பதை முதலில் தாளில் எழுத வேண்டும். கட்டுரை தட்டச்சு செய்வது, இணையத்தில் தேடுவது, காணொளி பார்ப்பது ஆகியவை மட்டும்தான் என்றால் தனி அட்டையே தேவையில்லை. பெரும்பாலான செயலிகளோடு சேர்ந்தே வரும் உள்ளமைந்த வரைகலை அதற்குப் போதும். அவ்வாறெனில், செலவிடாமல் இருப்பதே சிறந்த தேர்வு.

காணொளித் தொகுப்பு, முப்பரிமாண வடிவமைப்பு, நடுத்தர விளையாட்டுகள் போன்றவற்றுக்குத் தனி அட்டை உதவும். அப்போது மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, அட்டையின் சொந்த நினைவகம். பெரிய காணொளிகளையும் முப்பரிமாண வடிவங்களையும் கையாள அதிக நினைவகம் தேவை. இரண்டாவது, நாம் பயன்படுத்தும் மென்பொருள் எந்த அட்டைகளை ஆதரிக்கிறது என்பது. இதை மென்பொருள் நிறுவனமே வெளியிட்டிருக்கும். மூன்றாவது, அட்டைக்குத் தேவைப்படும் மின்திறன். இந்த மூன்றாவது செய்தியைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

மின்திறனில் அட்டைகளுக்கிடையே எவ்வளவு வேறுபாடு உள்ளது என்பதைச் சில எடுத்துக்காட்டுகளால் அறியலாம். 2019இல் வெளிவந்த ‘ஜி.டி.எக்ஸ். 1650’ அட்டையின் மின்தேவை 75 வாட். 6 ஜிகாபைட் நினைவகம் கொண்ட ‘ஆர்.டி.எக்ஸ். 3050’ அட்டைக்கு 70 வாட் போதும். 8 ஜிகாபைட் நினைவகம் கொண்ட ‘ஆர்.டி.எக்ஸ். 4060’ அட்டைக்கு 115 வாட் தேவை. அதே அளவு நினைவகம் கொண்ட ஏஎம்டியின் ‘ஆர்.எக்ஸ். 6600’ அட்டைக்கு 132 வாட் தேவை. இண்டெலின் ‘ஆர்க் பி580’ அட்டையில் 12 ஜிகாபைட் நினைவகம் உண்டு. அதன் மின்தேவை 190 வாட். பெயர்களும் விலைகளும் ஆண்டுதோறும் மாறிக்கொண்டேயிருக்கும். ஆகையால் அவற்றை மனனம் செய்ய வேண்டியதில்லை. மின்தேவையைப் பார்க்கும் பழக்கம் இருந்தால் போதும்.

அட்டைக்கு மின்சாரம் எந்த வழியாக வருகிறது?

வரைகலை அட்டையைத் தாய்ப்பலகையில் உள்ள நீண்ட செருகுவாயில் பொருத்துகிறோம். அந்தச் செருகுவாய் அதிகப்படியாக 75 வாட் மின்திறனைத்தான் வழங்கும். 75 வாட்டுக்குள் இயங்கும் பல அட்டைகளுக்குத் தனி மின்கம்பி தேவைப்படாததற்கு இதுவே காரணம்.

அதற்கு மேல் தேவைப்படும் அட்டைகளுக்கு மின்வழங்கியிலிருந்து நேரடியாகக் கம்பி இழுக்க வேண்டும். ஆறு முனை இணைப்பி கூடுதலாக 75 வாட் வரையிலும், எட்டு முனை இணைப்பி 150 வாட் வரையிலும் வழங்கும்படி வரையறுக்கப்பட்டுள்ளன.

சில பழைய மின்வழங்கிகளில் இந்த இணைப்பிகள் இருக்கா. அப்போது, வன்தட்டுக்கான ‘சாட்டா’ மின்கம்பியை ஆறு முனையாக மாற்றித் தரும் மலிவான மாற்றிகளைச் சிலர் வாங்குகிறார்கள். இது ஆபத்தானது. சாட்டா மின் இணைப்பி 12 வோல்டில் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட் மட்டுமே தாங்கும். 75 வாட் கேட்கும் அட்டையை அதில் மாட்டினால் இணைப்பி சூடாகும். ஞெகிழி உருகவும் கூடும். இணைப்பி இல்லை என்பதே, “இந்த வேலைக்காக நான் உருவாக்கப்படவில்லை” என்று மின்வழங்கி நமக்குச் சொல்லும் எச்சரிக்கையாகும்.

மறைந்திருக்கும் மின்வழங்கி

நமது வீட்டுச் சுவரில் உள்ள மின்செருகி 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தைத் தருகிறது. கணினியின் பாகங்களால் அதை நேரடியாகப் பயன்படுத்த இயலாது. அவற்றுக்கு 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் ஆகிய அளவுகளில் நேர்திசை மின்சாரம் தேவை. இந்த மாற்றத்தைச் செய்யும் கருவியே மின்வழங்கி. கடைகளில் இதைப் ‘பவர் சப்ளை’ என்பார்கள்.

வரைகலை அட்டைக்குப் பளபளக்கும் பெட்டியும் வண்ண விளக்கும் உண்டு. மின்வழங்கியோ கணினிப் பெட்டியின் மூலையில் சாம்பல் நிறத்தில் அமர்ந்திருக்கும். எனவே, வாங்குபவரின் பணமெல்லாம் அட்டைக்குப் போகிறது. மிச்சமிருக்கும் சில்லறைதான் மின்வழங்கிக்குக் கிடைக்கிறது. ஆனால், கணினியின் எல்லாப் பாகங்களோடும் தொடர்புடையது மின்வழங்கிதான்.

சுமை அளவுக்கு மீறும்போது நல்ல மின்வழங்கி தானாகவே அணைந்துவிடும். மிகை மின்னழுத்தம், மிகை மின்னோட்டம், குறுக்குச்சுற்று ஆகியவற்றைத் தடுக்கும் பாதுகாப்புச் சுற்றுகள் அதில் உண்டு. அவை இல்லாத தரம் குறைந்த மின்வழங்கி பழுதாகும்போது தாய்ப்பலகை, வன்தட்டு ஆகியவற்றையும் சேர்த்துப் பாழாக்கக்கூடும். நம் கதையில் வரும் அப்பாவின் அச்சம் இதுதான். வரைகலை அட்டை பழுதானால் இன்னோர் அட்டை வாங்கலாம். வன்தட்டோடு சேர்ந்து அழிந்துபோன கணக்கை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

சிறிய எழுத்தைப் படிப்போம்

மகள் கணினியை அணைத்து, செருகியைக் கழற்றி, பெட்டியின் பக்கவாட்டு மூடியைத் திறக்கிறாள். மின்வழங்கியின்மேல் ‘500 வாட்’ என்று பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கிறது. “போதுமான அளவுக்கு மேலேயே இருக்கிறதே!” என்று அவள் மகிழ்கிறாள். ஆனால், அதற்குக் கீழே சிறிய எழுத்தில் ஓர் அட்டவணை இருக்கிறது. அங்கேதான் உண்மை ஒளிந்திருக்கிறது.

அறிவியல் பாடத்தில் நாம் படித்த வாய்பாட்டை நினைவுகூர்வோம். மின்திறன் என்பது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கிக் கிடைக்கும் விடை. வோல்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் கிடைக்கும்.

மையச் செயலியும் வரைகலை அட்டையும் தங்களுக்கு வேண்டிய மின்திறனின் பெரும்பகுதியை 12 வோல்ட் வழியாகவே பெறுகின்றன. ஆகவே, அட்டவணையில் 12 வோல்ட் என்ற கட்டத்தின் கீழ் எத்தனை ஆம்பியர் என்று பார்க்க வேண்டும். அவள் பார்க்கும் மின்வழங்கியில் அது 18 ஆம்பியர். 12ஐ 18ஆல் பெருக்கினால் 216 வாட்தான் வருகிறது. பெரிய எழுத்தில் இருக்கும் 500இல் பாதிகூட இல்லை! மீதி எண் எங்கிருந்து வந்தது? இன்றைய கணினி குறைவாகவே பயன்படுத்தும் 5 வோல்ட், 3.3 வோல்ட் வழிகளையும் கூட்டி, அதற்கும் மேலே உயர்த்தி எழுதப்பட்ட எண் அது.

தரமான 500 வாட் மின்வழங்கியில் ஏறத்தாழ முழுத் திறனும் 12 வோல்ட் வழியாகக் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 12 வோல்டில் 40 ஆம்பியர் என்றிருந்தால் 480 வாட் கிடைக்கும். இரண்டு மின்வழங்கிகளின் மேலும் ‘500’ என்றுதான் அச்சிட்டிருக்கும். சேலையின் உட்புறத்தைப் புரட்டிப் பார்ப்பதுபோல் இந்த அட்டவணையைப் பார்ப்பவருக்கே வேறுபாடு தெரியும்.

கூட்டிப் பார்க்கும் கணக்கு

இனி, எவ்வளவு மின்திறன் தேவை என்பதைக் கணக்கிடுவோம். மையச் செயலிக்கு 65 வாட் என்று அதன் தயாரிப்பாளர் குறிப்பிட்டிருக்கிறார். தாய்ப்பலகை, நினைவகம், வன்தட்டு, காற்றாடிகள் அனைத்துக்கும் சேர்த்து 60 வாட் ஒதுக்குவோம். இவற்றின் கூட்டுத்தொகை 125 வாட்.

மகள் முதலில் ஆசைப்பட்டது 132 வாட் அட்டை. அதைச் சேர்த்தால் 257 வாட். பழைய மின்வழங்கியின் 216 வாட் இதற்குப் போதாது. 70 வாட் அட்டையைச் சேர்த்தால் 195 வாட். இது 216க்குள் அடங்குகிறது. ஆனால், அடங்குவது மட்டும் போதுமா?

போதாது. இதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவதாக, செயலியும் அட்டையும் கடுமையாக உழைக்கும்போது, குறிப்பிட்ட அளவைவிட அதிக மின்திறனைச் சில கணங்களுக்கு இழுக்கும். இரண்டாவதாக, மின்வழங்கியில் உள்ள மின்தேக்கிகள் ஆண்டுகள் செல்லச் செல்லத் தேய்வடையும். புதிதாக இருந்தபோது சுமந்த சுமையைப் பழைய மின்வழங்கியால் சுமக்க இயலாது. மூன்றாவதாக, நமது நாட்டின் வெப்பம். குளிரூட்டி இல்லாத அறையில், தூசு படிந்த பெட்டிக்குள் இருக்கும் மின்வழங்கி மேலும் விரைவாகத் தளர்ந்துவிடும்.

ஆகவே, கூட்டி வந்த தொகையைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்குத் திறனுள்ள மின்வழங்கியைத் தேர்ந்தெடுப்பது நல்ல வழக்கம். வரைகலை அட்டையின் தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் அளவையும் அதனுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ‘ஆர்.எக்ஸ். 6600’ அட்டைக்கு 450 வாட் மின்வழங்கியும் ‘ஆர்.டி.எக்ஸ். 4060’ அட்டைக்கு 550 வாட் மின்வழங்கியும் பரிந்துரைக்கப்படுகின்றன. நமது கணக்கில் 257இன் இரு மடங்கு 514. இரண்டு வழியிலும் கிடைக்கும் விடைகள் நெருக்கமாகவே இருக்கின்றன.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் களைய வேண்டும். 550 வாட் மின்வழங்கியை வாங்கினால் மின்கட்டணம் உயர்ந்துவிடும் என்று சிலர் அஞ்சுகின்றனர். மின்வழங்கி எப்போதும் தன் முழுத் திறனையும் செலவிடுவதில்லை. பாகங்கள் கேட்கும் அளவுக்கே அது மின்சாரத்தை இழுக்கும். பெரிய குடத்தில் நீர் வைத்திருப்பதால் நாம் அதிகமாகக் குடித்துவிடுவதில்லை அல்லவா?

‘80 பிளஸ்’ முத்திரை கூறுவது என்ன?

நகைக்கு 916 போல, மின்வழங்கிக்கும் ஒரு முத்திரை உண்டு. அதுதான் 2004இல் தொடங்கப்பட்ட ‘80 பிளஸ்’ சான்றளிப்பு. சுவரிலிருந்து பெறும் மின்சாரத்தில் குறைந்தது 80 விழுக்காட்டைக் கணினிக்குப் பயன்படும்படி மாற்றித் தரும் மின்வழங்கிகளுக்கே அடிப்படை முத்திரை கிடைக்கும். அதற்கு மேல் வெண்கலம், வெள்ளி, தங்கம் எனப் படிநிலைகள் உள்ளன. வெண்கல முத்திரை பெற்ற மின்வழங்கி, பாதிச் சுமையில் இயங்கும்போது 85 விழுக்காடு செயல்திறனை எட்ட வேண்டும்.

கணினி 200 வாட்டைப் பயன்படுத்துகிறது என்று கொள்வோம். 85 விழுக்காடு செயல்திறனுள்ள மின்வழங்கி அதற்காகச் சுவரிலிருந்து ஏறத்தாழ 235 வாட் இழுக்கும். 35 வாட் வெப்பமாக வீணாகும். 70 விழுக்காடு மட்டுமே செயல்திறன் உள்ள மின்வழங்கி ஏறத்தாழ 286 வாட் இழுக்கும். 86 வாட் வெப்பமாக வீணாகும். அந்த வெப்பத்துக்கும் நாம்தான் கட்டணம் செலுத்துகிறோம். அந்த வெப்பம்தான் கணினியின் ஆயுளையும் குறைக்கிறது.

ஆனாலும், முத்திரையின் எல்லையை உணர வேண்டும். 916 என்பது தங்கத்தின் தூய்மையைச் சொல்லும். வேலைப்பாட்டின் உறுதியைச் சொல்லாது. அதுபோல, ‘80 பிளஸ்’ செயல்திறனைச் சொல்லுமே தவிர, பாதுகாப்புச் சுற்றுகளின் தரத்தைச் சொல்லாது. ஆகவே, 12 வோல்ட் அட்டவணை, பாதுகாப்புச் சுற்றுகள், உத்தரவாத ஆண்டுகள் ஆகியவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கடைக்குச் செல்வோம்

மஸ்ஜித் இந்தியாவிலிருந்து கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பேரங்காடிக்குச் செல்வது எளிது. மஸ்ஜித் ஜாமெக் நிலையத்தில் எல்.ஆர்.டி. ஏறி, ஹங் துவா நிலையத்தில் இறங்கி, மோனோரயிலுக்கு மாறினால் அடுத்த நிலையம் இம்பி. அங்கிருந்து நடந்தே சென்றுவிடலாம். ஒரே கூரையின்கீழ் பல கடைகள் இருப்பதால் விலையை ஒப்பிட்டுப் பார்க்கவும் முடியும்.

ஆனால், வீட்டை விட்டுப் புறப்படுமுன் அளவுகோலை எடுக்க வேண்டும். கணினிப் பெட்டிக்குள் வரைகலை அட்டைக்கு எத்தனை சென்டிமீட்டர் நீள இடம் இருக்கிறது? ஒல்லியான பெட்டியா, அகலமான பெட்டியா? ஒல்லியான பெட்டியில் உயரம் குறைந்த அட்டையை மட்டுமே பொருத்த முடியும். சில அலுவலகக் கணினிகளின் மின்வழங்கி தனி வடிவில் இருக்கும். அதற்குப் பதிலாகப் பொது வடிவ மின்வழங்கியைப் பொருத்த இயலாது. திரையில் எந்த வகைச் செருகுவாய் உள்ளது என்பதையும் பார்க்க வேண்டும். இவற்றையெல்லாம் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டால், கடைக்காரருக்கும் உதவியாக இருக்கும்.

பழைய அட்டைகளும் குறைந்த விலைக்குக் கிடைக்கும். ஒரு காலத்தில் மின்னிலக்க நாணயங்களை ‘அகழ்வதற்காக’ வரைகலை அட்டைகளை இரவும் பகலும் ஓடவிட்டார்கள். 2022 செப்டம்பர் 15ஆம் நாள் எத்தீரியம் என்னும் நாணயம் அம்முறையைக் கைவிட்டபின், அவ்வாறு உழைத்த அட்டைகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. பழைய அட்டைகள் எல்லாமே தரமற்றவை என்று சொல்ல முடியாது. ஆனால், நம் கண்முன்னே இயக்கிக் காட்டாத அட்டையையும், திருப்பித் தரும் உறுதி இல்லாத அட்டையையும் வாங்காமல் இருப்பதே நலம். மின்வழங்கியையோ எப்போதும் புதிதாகவே வாங்க வேண்டும்.

பொருளை வாங்கியதும் இரசீதையும் உத்தரவாதச் சீட்டையும் பத்திரப்படுத்த வேண்டும். பொருள் குறைபாடு உடையதாக இருந்து, விற்பனையாளர் பொறுப்பேற்க மறுத்தால், 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் நமக்குத் துணை நிற்கிறது. பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணம் செலுத்தி, 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை முன்வைக்கலாம். இரசீது இல்லாதவரின் கோரிக்கை வலுவிழந்துவிடும்.

பொருத்தும்போது பாதுகாப்பு

கணினிப் பெட்டியைத் திறக்குமுன் செய்ய வேண்டிய முதல் வேலை திருகாணியைக் கழற்றுவதன்று. கணக்குகளையும் கோப்புகளையும் புறவன்தட்டில் படியெடுத்து வைப்பதாகும். பிறகு மின்சாரத்தை நிறுத்தி, செருகியைச் சுவரிலிருந்து கழற்ற வேண்டும். உடலில் உள்ள நிலைமின்சாரம் நுண்ணிய பாகங்களைக் கெடுக்கும் என்பதால், பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும்.

மின்வழங்கியின் உறையை மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் திறக்கக் கூடாது. அதற்குள் இருக்கும் மின்தேக்கிகளில் 300 வோல்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் தேங்கியிருக்கும். செருகியைக் கழற்றிய பிறகும் சிறிது நேரம் அது நீங்காமல் இருக்கக்கூடும்.

நீட்டிப்புக் கம்பி வாங்கும்போது எரிசக்தி ஆணையத்தின் ஒப்புதலைக் காட்டும் சிரிம் முத்திரையைப் பார்த்து வாங்க வேண்டும். கணினி செருகப்பட்ட அதே நீட்டிப்பில் மின்கெண்டியையும் இஸ்திரிப் பெட்டியையும் சேர்த்துச் செருகக் கூடாது. கிள்ளான் பள்ளத்தாக்கில் இடியும் மின்னலும் அதிகம். மாலையில் வானம் இருண்டால் கணினியை அணைத்துச் செருகியைக் கழற்றிவிடுவது நல்ல பழக்கம்.

கழற்றிய பழைய மின்வழங்கியைக் குப்பைத் தொட்டியில் வீசவும் கூடாது. நம் நாட்டில் மின்னியல் கழிவு, 2005ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி அட்டவணைப்படுத்தப்பட்ட கழிவுகளுள் ஒன்றாகும். அதற்குரிய சேகரிப்பு மையத்தில் ஒப்படைப்பதே முறை.

மகள் எடுத்த முடிவு

மகள் தாளில் மீண்டும் கணக்குப் போடுகிறாள். ஆயிரம் ரிங்கிட்டையும் பெரிய அட்டைக்கே கொடுத்தால், நல்ல மின்வழங்கிக்குப் பணம் மிஞ்சாது. பழைய மின்வழங்கியோடு அந்த அட்டையை ஓட்டினால், அப்பாவின் கணக்குகளைப் பணயம் வைத்ததாகிவிடும். அவள் செய்யும் சுவரொட்டிக்கும் காணொளிக்கும், இப்போதுதான் கற்கத் தொடங்கியிருக்கும் முப்பரிமாண வடிவமைப்புக்கும் 70 வாட் அட்டையே போதுமானது. எனவே, 550 வாட் வெண்கல முத்திரை மின்வழங்கி ஒன்றை முதலில் தேர்ந்தெடுத்து, மிச்சப் பணத்தில் அந்த அட்டையை வாங்குவது என்று முடிவு செய்கிறாள். சில ஆண்டுகள் கழித்து அவளுடைய திறமையும் தேவையும் வளர்ந்தால், அட்டையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மின்வழங்கி அப்போதும் கைகொடுக்கும்.

“முதலில் கேட்ட அட்டை இது இல்லையே, உனக்கு வருத்தம் இல்லையாம்மா?” என்று கேட்கிறார் அப்பா.

“கொஞ்சம் இருக்கிறதுதான், அப்பா. ஆனால், காணொளி பாதியில் நிற்காது, உங்கள் கணக்கும் காணாமல் போகாது,” என்கிறாள் மகள்.

திருக்குறளில் ‘வலியறிதல்’ என்று ஓர் அதிகாரம் உண்டு. மென்மையான மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் உணர்த்துவது அந்த அதிகாரத்தில்தான். வருவாய் சிறிதாக இருந்தாலும் செலவு அதைத் தாண்டாவிட்டால் கேடில்லை என்று அவர் சொல்வதும் அதே அதிகாரத்தில்தான். எவ்வளவு சுமையைத் தாங்க முடியும், எவ்வளவு செலவைத் தாங்க முடியும் என்னும் இரண்டு கேள்விகளையும் ஒன்றாகவே எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது அக்காலத்திலேயே உணரப்பட்டிருக்கிறது. விரலுக்கேற்ற வீக்கம் என்று நம் முன்னோர் சொன்னதும் இதைத்தான். அடுத்த முறை ஒரு பொருளின்மேல் பெரிய எண்ணைக் காணும்போது, அதைச் சற்றுப் புரட்டி, சிறிய எழுத்தையும் படித்துப் பாருங்கள்.

சிந்தித்து விடை எழுதுக

1. வரைகலை அட்டையின் வேலையை விளக்க, கட்டுரையாளர் திருமண விருந்தை ஏன் எடுத்துக்காட்டாகக் கூறுகிறார்?

2. ஒரு மின்வழங்கியில் ‘12 வோல்ட், 30 ஆம்பியர்’ என்று குறிக்கப்பட்டுள்ளது. அது 12 வோல்ட் வழியாக எத்தனை வாட் வழங்கும்? 257 வாட் தேவைப்படும் கணினிக்கு அதைப் பரிந்துரைப்பீர்களா? காரணம் கூறுக.

3. 916 முத்திரைக்கும் ‘80 பிளஸ்’ முத்திரைக்கும் உள்ள ஒற்றுமைகளை எழுதுக.

4. மகள் எடுத்த முடிவை நீங்கள் ஏற்கிறீர்களா? உங்கள் கருத்தை இரண்டு சான்றுகளுடன் நிறுவுக.

5. ‘விரலுக்கேற்ற வீக்கம்’ என்னும் மரபுவழக்கின் பொருள் விளங்கும்படி, உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு சூழலை எழுதுக.